அளவுத் தாளில் ஏறாத நீத்தண்ணி

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது என் வலது கால். கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பில் நுழைத்தேன், நுழையவில்லை. புறங்கால் உப்பிப் பளபளவென்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பத்து வரை எண்ணினேன். குழி மேலே வரவில்லை.

உப்பளத்துக்குக் கிளம்ப சைக்கிளை வெளியே எடுத்த என் கணவர் ஏழுமலை திரும்பி வந்து பார்த்தார்.

"உப்புத் தண்ணியில நின்ன கால் மாதிரியே இருக்குது. ஏன் கவி, எனக்குத் தெரியாம எந்தப் பாத்தியில கூலிக்குப் போன?"

சிரித்தேன். மூச்சு போதாமல் சிரிப்பு பாதியில் நின்றது.

மரக்காணத்தில் வீங்கிய காலைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. உப்புப் பாத்தியில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் கால் வீங்கும். வெந்நீர் ஊற்றி உயரத்தில் வைத்துப் படுத்தால் விடிவதற்குள் வற்றும். நான் பாத்தியில் இறங்கியதே கிடையாது. ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களுக்கு வரும் செய்திகளை வீட்டிலிருந்து திருத்திக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் ஆறு வருடம் புதுச்சேரி அலுவலகத்தில் அதையே செய்தேன். நேரம், வயது, எண்ணிக்கை சரியாக இல்லாத செய்தியைத் திருப்பி அனுப்புவேன். என் உடம்பு அனுப்பிய செய்தியை மட்டும் நான்கு நாள் படிக்காமல் வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் மகள் மித்ராவுக்குக் காய்ச்சல். நான்கு வயது. மூன்றாம் நாள் அவள் எழுந்து விளையாடினாள், நான் படுத்தேன். அவளை அனுமந்தையில் இருக்கும் என் நாத்தனார் லட்சுமி வீட்டில் விட்டுவிட்டு வந்தார் ஏழுமலை. இரண்டு நாள் என்று சொல்லித்தான் விட்டார்.

எனக்கு நான்கு நாள் காய்ச்சல், பிறகு நெஞ்சில் ஒரு அழுத்தம். மல்லாந்து படுத்தால் கூடும். எழுந்து முன்னால் குனிந்தால் குறையும். அசதி என்று நினைத்தேன். அசதிக்கு எங்கள் வீட்டில் மருந்து ஒன்றுதான். வெயிலில் யாராவது தலைசுற்றி விழுந்தால் உப்பளத்தில் நிழலுக்குத் தூக்கிப்போய், பழைய சோற்றின் நீத்தண்ணியில் மூன்று விரலால் உப்பு எடுத்துப் போட்டுக் குடிக்க வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்துவிடுவார். இருபது வருடமாக ஏழுமலை இதைப் பார்க்கிறார். எனக்கும் காலையும் மாலையும் அதைத்தான் கொடுத்தார். நானும் குடித்தேன்.

அன்று ஏழரை மணிக்கு ஊரிலேயே ஒரு கிளினிக்கில் இசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தார். "பாண்டிக்குப் போயிடுங்க. பஸ்ல வேணாம்" என்றார்.

ஆம்புலன்ஸில் பக்கக் கண்ணாடிக்குப் பால் நிறத்தில் தாள் ஒட்டியிருந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை. மரக்காணத்திலிருந்து எத்தனையாவது வேகத்தடை அனுமந்தைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரும் என்று எனக்குத் தெரியும். வண்டி அதில் ஏறி இறங்கியது. அந்த இடத்திலிருந்து லட்சுமி அக்கா வீடு கூப்பிடு தூரம். அந்த நேரத்தில் மித்ரா பல் விளக்கிக்கொண்டிருப்பாள், அல்லது விளக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருப்பாள்.

புதுச்சேரி மருத்துவமனையில் முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று பரிசோதனைகள் நடந்தன. ஒன்று ரத்தத்தில் ட்ரோபோனின். இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம் அது; தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். எனக்கு நிறையக் கசிந்திருந்தது. இரண்டாவது ஆஞ்சியோ, இதய ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்ப்பது. அடைப்பு இல்லை. மூன்றாவது எக்கோ. மார்பில் பசை தடவி, ஒரு கருவியை அழுத்தி நகர்த்தி, இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்ப்பார்கள். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது என்று அதில் ஓர் எண் கிடைக்கும். பம்பிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நல்ல இதயத்துக்கு அறுபதை ஒட்டி வரும். எனக்கு இருபத்தெட்டு.

இதய மருத்துவர் ஒரு பெண். ஐம்பதை ஒட்டிய வயது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் பேசுவார்.

"மயோகார்டைட்டிஸ். இதயத் தசையில அழற்சி. சாதாரண காய்ச்சலைக் குடுக்கிற வைரஸ்தான், சில பேருக்கு இதயத்துக்குப் போயிடும். ஏன் உங்களுக்குப் போச்சு, வீட்டுல மத்தவங்களுக்குப் போகலன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல."

குழந்தையிடமிருந்து வந்திருக்குமா என்று கேட்டேன். வந்திருக்கலாம் என்றார். இதை ஏழுமலை போனில் சொன்னபோது லட்சுமி அக்கா முதலில் சொன்னது, "டேய், புள்ள காதுல இது விழக்கூடாது. பெரிசான பிறகும் விழக்கூடாது. சொல்லிட்டேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழாவது கட்டில். காலை பதினொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மாலை ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் பார்வையாளர் நேரம். ஒரே ஆள்தான் வரலாம், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கால்மாட்டில் ஒரு பலகையில் அளவுத் தாள். நான் குடிக்கும் தண்ணீர், வெளியேறும் சிறுநீர் எல்லாம் மில்லி லிட்டர் கணக்கில் அதில் ஏறும். பலவீனமான இதயத்தால் அதிகத் தண்ணீரைத் தள்ள முடியாது. தள்ளாத தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பில்லாத சாப்பாடு. சிறுநீர் அதிகம் போக ஊசி.

முதல் நாள் மாலை ஏழுமலை வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார்.

"இன்னாது இது, உப்பே இல்ல?"

"டாக்டர்தான் வேணாம்னாங்க."

"உப்பே இல்லாம கெடந்தா மனுசன் எப்படி எழுந்துக்குவான்? முகம் எப்படி வெளுத்திருக்குது பாரு."

மறுநாள் காலை வந்தபோது திரையை இழுத்து மூடிவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மித்ராவின் தண்ணீர் பாட்டில். ரோஸ் நிறம், உறிஞ்சும் குழாயின் நுனியில் அவள் பல் பட்டுப்பட்டுச் சப்பையாகியிருந்தது. உள்ளே உப்புப் போட்ட நீத்தண்ணி.

ஏழுமலைக்குத் தெரியாதென்று சொல்லலாம். எனக்குத் தெரியும். இதய நோயாளிகள் உப்பைக் குறைக்க வேண்டும் என்ற வரியை மருத்துவப் பக்கத்தில் எத்தனையோ முறை ஒற்றுப்பிழை பார்த்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தக் குழாய் நுனியில் சிறிய மேடு பள்ளங்கள் இருந்தன. நாக்கில் பட்டன. அவளைப் பார்த்து ஏழு நாள் ஆகியிருந்தது. முழுவதையும் குடித்தேன்.

அன்று மாலையும் குடித்தேன். இப்படி மூன்று நாள், ஆறு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முந்நூறு மில்லி. பதினொன்றேகாலுக்கு அவர் போன பிறகு, இரும்பை என்ற ஊரைச் சேர்ந்த நர்ஸ் வந்து, "தண்ணி ஏதாவது குடிச்சீங்களாக்கா?" என்று கேட்பார். அரை டம்ளர் என்பேன். அவர் எழுதிக்கொள்வார். நான் படுத்த இடத்திலிருந்து அந்தத் தாள் தெரியும். தப்பான எண் அச்சாவதைக் கண்ணெதிரே பார்த்தும் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அந்த மூன்று நாள்தான்.

நான்காம் நாள் காலை என் எடை ஒரு கிலோ ஐந்நூறு கிராம் கூடியிருந்தது. மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. பேச்சு மூன்று மூன்று சொல்லாக வந்தது. எக்கோவில் இருபத்திரண்டு. டாக்டர் ஏழுமலையையும் உள்ளே வரவழைத்தார்.

"ஊசியெல்லாம் போட்டும் தண்ணி வடியல. பம்பிங் இறங்குது. ஸ்டீராய்டு குடுக்கலாமான்னு யோசிக்கிறோம். அதைப் பத்தி முழுசா சொல்லிடறேன்."

அவர் சொன்னதை நான் பிறகு நினைவிலிருந்து எழுதி வைத்தேன். முதலில் வைரஸ் தசையைத் தாக்குகிறது. அதை விரட்ட உடம்பின் எதிர்ப்பு சக்தி வருகிறது. சிலருக்கு வைரஸ் அடங்கிய பிறகும் அது ஓயாமல் தசையையே தாக்குகிறது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்து. வைரஸ் இன்னும் உள்ளே பெருகிக்கொண்டிருந்தால், எதிர்ப்பை அடக்குவது வைரஸுக்கு வழி விட்டதாகிவிடும். எது நடக்கிறது என்று உறுதியாகத் தெரிய இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சென்னை போக வேண்டும். இந்த நிலையில் என்னை வண்டியில் ஏற்றுவது ஆபத்து.

"குடுத்தா பொழச்சிக்குவாங்களா மேடம்?" என்றார் ஏழுமலை.

"சில ஆய்வுகள்ல பம்பிங் நல்லா ஆகுதுன்னு வந்திருக்குது. உயிரைக் காப்பாத்துதான்னு பார்த்தா, தெளிவா சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. எல்லாருக்கும் குடுக்கிற மருந்து இல்ல இது. வேகமா மோசமாகிறவங்களுக்குத்தான் யோசிப்போம். இன்னொண்ணு, இதுவும் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். அதனாலதான் கேக்கறேன். வெளியிலேர்ந்து சாப்பிட, குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

உடனே சொன்னார். துணிப்பை அவர் தோளில் தொங்கியது. அதற்குள் பாட்டில் இருந்தது.

சொன்னால் அவரை இனி உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்தேன். பாட்டிலும் வராது. சொல்லாவிட்டால், இதயம் தானாக மோசமாகிறது என்று எண்ணி அந்த மருந்தைக் கொடுப்பார்கள். வீங்கியது நோயாலா நீத்தண்ணியாலா என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் கேட்கத் தெரியும்.

"குடுத்தாரு மேடம்," என்றேன். "நான் குடிச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "என்ன, எவ்வளவு?"

அளவைச் சொன்னேன். உப்பு எவ்வளவு என்று ஏழுமலையைக் கேட்டார். அவர் மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார். விரல் நுனிகள் உப்பில் வெடித்திருந்தன. டாக்டர் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உப்பளமா?"

"ஆமாங்க. அங்க மயங்கினவங்களுக்கு இதான் குடுப்போம்."

"வெயில்ல வேர்த்து உப்பு போனவங்களுக்கு அது சரிதான். இவங்களுக்கு உப்பு எங்கயும் போகல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க."

"ஆமாம் மேடம்," என்றேன்.

அவர் ஸ்டீராய்டை ஒரு நாள் தள்ளி வைத்தார். இப்போது மோசமானதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நோய் என்று தெரியாமல் தொடங்க விரும்பவில்லை என்றார். ஊசியின் அளவைக் கூட்டினார். இரும்பை நர்ஸ் பாட்டிலை வாங்கி, குழாயடியில் கழுவி, ஏழுமலையிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணா, இன்னாண்ணா இது? மூணு நாளா எங்கணக்கு தப்பா போவுதேன்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கல."

வெளியே காத்திருப்போர் இடத்தில் விஷயம் பரவிவிட்டது. தம்பியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்த ஒரு கோட்டக்குப்பம் ஆட்டோக்காரர் ஏழுமலையிடம், "ஏம்பா, ஊருக்கே உப்பு குடுக்கிற ஆளு, பொண்டாட்டிக்குக் கொஞ்சம் கொறச்சிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். மாலையில் இதைச் சொன்னபோது ஏழுமலை சிரிக்கவில்லை. அவரை உள்ளே வர விட்டார்கள். பையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். பதினைந்து நிமிடமும் என் வீங்கிய காலைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள் எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. ஒரு தலையணையில் படுக்க முடிந்தது. ஆனால் எக்கோ இருபத்து மூன்றிலேயே நின்றது. ட்ரோபோனின் குறையவில்லை. திரையில் ஓடும் கோடு நடுநடுவே நெருக்கமாகக் கிறுக்கியது. இதயம் தாறுமாறாகச் சில நொடிகள் ஓடி நிற்பதன் அடையாளம் அது.

"உப்பைக் கழிச்சுட்டோம். மீதி இருக்கிறது நோய்தான்," என்றார் டாக்டர்.

சம்மதப் படிவம் இரண்டு பக்கம். மூன்று முறை படித்தேன். தொற்று வரலாம், சர்க்கரை ஏறலாம், பலன் இல்லாமலும் போகலாம். கையெழுத்து போட்டேன். பத்து நாற்பதுக்கு ஸ்டீராய்டின் முதல் பாட்டில் ஏறத் தொடங்கியது. தண்ணீர் மாதிரி நிறமற்ற திரவம். கொஞ்ச நேரத்தில் வாயில் இரும்புச் சுவை. தினம் ஒரு பாட்டிலாக மூன்று நாள், அதன் பிறகு மாத்திரை.

ஸ்டீராய்டு நாட்களில் நான் தூங்கவில்லை. சர்க்கரை இருநூற்று அறுபதுக்குப் போனது, இன்சுலின் போட்டார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. நெத்திலிக் கருவாடு வறுக்கும் வாசனை ஏசி அறைக்குள் வந்தது. வரவே முடியாது என்று தெரிந்தும் மூக்கைத் திருப்பித் தேடினேன். இரண்டாம் நாள் காரணமில்லாமல் ஏழுமலையைத் திட்டினேன். சட்டையில் பித்தான் இல்லை என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மருந்து பேசுது. பேசட்டும், பேசட்டும்" என்றார்.

நான்காம் நாளிலிருந்து கோட்டின் கிறுக்கல் குறைந்தது. எக்கோ முப்பது, பிறகு முப்பத்தெட்டு. மருத்துவமனையில் சேர்ந்த பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துதான் காப்பாற்றியதா என்று டாக்டரைக் கேட்டேன்.

"பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. மருந்து இல்லாமலும் நிறைய பேருக்கு தானா சரியாகுது. உங்களுக்கு மருந்து குடுத்தோம், நீங்க தேறிட்டீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை எதிர்ப்பு சக்தி குறைவாகவே இருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அம்மை வந்த குழந்தைகளின் பக்கம் போகவே கூடாது என்றார்.

வீடு வந்த அன்றே லட்சுமி அக்கா போன் செய்தார்.

"கவிதா, எதிர் வீட்டுல ரெண்டு பசங்களுக்கும் அம்மா வந்திருக்குது. இதுவும் அதுங்களோடதான் ஆடிக்கிட்டிருந்திச்சு. இப்ப கொழந்தய அங்க கொண்டு வரட்டுமா, வேணாமா?"

வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அம்மை ஒட்டியிருந்தால் வெளியே தெரிய நாளாகும், மூன்று வாரம் பார்க்கச் சொன்னார்கள் மருத்துவமனையில். பதினாறாம் நாள் மித்ராவுக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கை, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் எல்லாம் லட்சுமி அக்காதான் செய்தார். பொருக்கு உதிர்ந்த பிறகும் என் மாத்திரை அளவு இறங்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நாள்.

மரக்காணத்திலிருந்து அனுமந்தைக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். வீட்டு வாசலில் உட்கார்ந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். எது நிற்கும், எது நிற்காமல் போகும் என்று சத்தத்தில் சொல்லப் பழகினேன். அவளுடைய கவுன்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டு மடித்து வைத்தேன். ஒன்று அவளுக்கு இனிப் போதாது என்று தோன்றியது. எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை.

தினமும் மாலை வீடியோவில் பேசுவோம். முதல் வாரம் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசினாள். ஸ்டீராய்டில் என் முகம் வட்டமாக ஊதியிருந்தது. ஒரு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல" என்றாள். "அடி, ஒங்கம்மாதான்டி, பூரி மாதிரி உப்பிட்டா" என்று லட்சுமி அக்கா சிரித்தார். அதன் பிறகு கூப்பிட்டால் தூரத்திலிருந்தே கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினாள்.

அவளை அனுமந்தையில் விட்ட அறுபத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரைக்கு லட்சுமி அக்கா அவளை அழைத்து வந்தார். முந்தைய வாரம் எடுத்த எக்கோவில் என் பம்பிங் ஐம்பத்தொன்று. மித்ரா அத்தையின் புடவைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். வலது புருவத்துக்கு மேல் ஒரு அம்மைத் தழும்பு. தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஏழுமலை, "போடா செல்லம், அம்மா" என்றார். வந்தாள். மடியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்று என் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

மதியம் மீன் குழம்பு. சோறு பிசைந்து ஊட்டினேன், நான்கு வாய் வாங்கினாள். ஐந்தாவதற்கு அத்தையைப் பார்த்தாள். மித்ரா சாப்பிட்டுத் தூங்கிய பிறகு நழுவிவிடலாம் என்று லட்சுமி அக்கா காத்திருந்தார். அவள் தூங்கவில்லை. அக்கா பையை எடுத்ததும் ஓடிப் போய்த் தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள், இடது வலது மாறி.

"ரெண்டு நாள் போவட்டும், பழகிடும்," என்றார் ஏழுமலை. லட்சுமி அக்கா என்னைப் பார்க்காமல், "நீ இன்னா சொல்ற கவிதா?" என்றார்.

நான் குனிந்து செருப்பை மாற்றிப் போட்டுவிட்டேன்.

நாலு பத்து பஸ்ஸில் மித்ரா அத்தையோடு அனுமந்தைக்குப் போனாள்.